அம்மா முதலாவதாக வந்த வருடம்

கூட்டாளிகளே, போன ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒருவர் ஒரு வீடியோவைப் போட்டார். எல்லோரும் பார்த்தீர்கள். ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் போட்டி. பலூன், பாண்டு வாத்தியம், தொப்பி போட்ட துரைமார், முதலாவதாக வந்த பெண்ணுக்கு ஒரு காஸ் அடுப்பு. அதன் கீழே வரிசையாகக் கைதட்டல். "இப்படி ஒழைச்சா நம்ம சனம் முன்னேறாதா?" என்று ஒருவர் எழுதினார். "சம்பளம் சம்பளம்னு கத்துறவங்க மொதல்ல இதப் பாக்கணும்" என்று கொழும்பில் கடை வைத்திருக்கும் இன்னொருவர் எழுதினார். நான் பதில் எழுதி இரண்டு தடவை அழித்தேன். மூன்றாவது தடவை அழிக்க மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஏற்கனவே கோபமாகத்தான் இருக்கிறேன்.

நமக்கெல்லாம் ஐம்பது நெருங்குகிறது. பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்குச் சீனி வியாதி. ஆனால் தோட்டம் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிக்குப் போன வருடம் யாருக்கும் மறந்திருக்காது. ஃபெக்டரிச் சுவரில் இருந்த பழைய எழுத்தை அழித்துப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். தோட்டத்தை நடத்திய பழைய துரை போனார். புதிய துரை இளம் ஆள், அரைக்கால் சட்டை, கையில் ஒரு பிரம்பு. "இனிமே எல்லாம் ஒழுங்கா நடக்கும், பாரு" என்று அப்பா சொன்னார். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். அவர் அப்போது உண்மையாகவே நம்பினார். நான் பன்னிரண்டு வயதில் எதைத்தான் நம்பவில்லை?

எங்கள் லயம் மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக்கு மேலே, இரண்டாவது வளைவில். வாசலில் நின்றால் கீழே தண்ணீர் தெரியும். அந்த ஒற்றையறை வரிசையில் ஒரு காம்பரா எங்களுக்கு, மூன்று காம்பரா தள்ளிச் சின்னம்மாவுக்கு. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, ஒரே லயத்தில் வாழ்க்கைப்பட்டவள். சின்னம்மாவுக்கு அப்போது ஏழு மாதக் கைக்குழந்தை, பெண். சித்தப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை என்று போனவர். தீபாவளிப் பெருநாளுக்கு வருவார், சட்டைத்துணி கொண்டுவருவார், வேறொன்றும் கொண்டுவர மாட்டார். ஆகவே அந்தக் காம்பராவில் அடுப்பு எரிவது சின்னம்மாவின் பேரில்தான்.

பேர் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் இதை வாசித்தால் அவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் ஒரு நாளுக்குச் சொன்ன கிலோ பறித்துக் கொடுத்தால் முழுப்பேர், முழுச் சம்பளம். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். காலையில் ஏறி மாலை வரை மழையில் நின்றவளை அரை ஆளாக எழுதுவார்கள். எவன் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தானோ, அவனை ஒரு நாள் அட்டைக்கடியில் நிற்க வைத்திருக்க வேண்டும்.

அம்மாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் ஒல்லி, குட்டை. செடிக்குள் நின்றால் தலைத்துணி மட்டும்தான் தெரியும். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைச் செடிமேல் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஆரம்பித்தால் கண்ணால் பின்தொடர முடியாது. இரண்டு இலை, ஒரு மொட்டு, முத்தல் ஒன்றுகூட வராது. விரல் நுனி எப்போதும் கறுத்திருக்கும். எலுமிச்சந்தோலால் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் எனக்குத் தலைவாரினால் நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பச்சைக் கொழுந்து வாசம் அடிக்கும். மற்றப் பிள்ளைகள் தலையிலும் அதே வாசம்தான், அதனால் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

சின்னம்மாவின் கை மெதுவான கை. அவள் பாட்டுப் பாடிக்கொண்டு பறிப்பாள். அதற்கு மேல் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்கிப் பால் கொடுத்துவிட்டு ஏற வேண்டும். போய்வர ஒரு மணித்தியாலம் போய்விடும். ஆனாலும் அவளுக்கு முழுப்பேர் விழுந்துகொண்டிருந்தது. ஏனென்றால் அம்மாவும் அவளும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நிற்பார்கள். அம்மா தன் நிரையை முடித்துவிட்டுத் தங்கையின் நிரைக்குள் நுழைந்து கை கொடுப்பாள். கங்காணிக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். பத்து மணிக்கு இருவரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துக் கட்டச் சம்பலோடு தின்பார்கள். லீவு நாட்களில் நான் தேத்தண்ணி கொண்டுபோனால் எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும்.

அந்த வருடம் நல்ல கொழுந்துக் காலம். மழையும் வெயிலும் மாறி மாறி வந்து மலை முழுக்கத் தளிர். புதிய துரை ஒரு போட்டி வைத்தார். மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று தோட்டத்தின் இரண்டு பிரிவிலிருந்தும் ஆளெடுத்து அரை மணித்தியாலம் பறிக்க வேண்டும். அம்மா போக மாட்டேன் என்றுதான் சொன்னாள். அப்பாதான் பேரைக் கொடுத்துவிட்டு வந்தார். "நம்ம கணக்கு மானம் போயிரும்ல" என்றார். சின்னம்மாவுக்கோ கொண்டாட்டம். அம்மாவுக்குப் படங்கைக் கட்டிவிட்டதே அவள்தான்.

"அக்கா, மேல் கணக்குக்காரிய மட்டும் விட்றாத. அவ வாயி கொஞ்சமா?"

"போடி, பைத்தியக்காரி" என்றாள் அம்மா. ஆனால் சிரித்தாள்.

லயமே அங்கே நின்றது. சின்னம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினாள். எங்கள் லயத்துப் பூசாரி வீட்டம்மா கத்தினாள். நான் தொண்டை கட்டும் வரை கத்தினேன். விசில் ஊதியதும் கூடைகளைத் தராசில் தொங்கவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவளை விட அம்மா எவ்வளவோ கூட. ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். வெள்ளை உடம்பில் சிவப்பு ரோசாப் பூ, மேலே மூடியே கோப்பை. துரை அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோ ஒஃபிஸ் சுவரில் தொங்கியது, எங்களுக்கு ஒரு பிரதி தரவில்லை. தப்பு மேளம் அடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தோம். அன்றைக்கு ஃபிளாஸ்கில் ஊற்றிய தேத்தண்ணியை லயத்துப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு மிடறு குடித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களம் எங்கள் லயத்துக்கு நேர் கீழே. நான் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெண்கள் எல்லோரும் கூடையோடு நின்றார்கள். கங்காணி ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்தார். நாளையிலிருந்து முழுப்பேருக்கு இரண்டு கிலோ கூடப் பறிக்க வேண்டும்.

ஒரே கூச்சல். "எங்கேர்ந்துங்க பறிக்கிறது?" "செடியில இருந்தாத்தானேங்க?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். துரை ஜீப்பிலிருந்து இறங்கினார். அவர் பேசியது சிங்களம் கலந்த தமிழ்.

"ஏன் சத்தம்? ஒங்க ஆளு அரை மணித்தியாலத்துல எவ்வளவு எடுத்தது? நாம எல்லாம் பார்த்ததுதானே. ஒரு ஆளுக்கு முடியும்னா மத்த ஆளுக்கு ஏன் முடியாது?"

பிரம்பால் அம்மாவைக் காட்டினார். அறுபது தலைகளும் அம்மாவின் பக்கம் திரும்பின. பிரம்பைப் பிடித்திருந்த ஆளின் பக்கம் ஒருத்திகூடத் திரும்பவில்லை. இதைத்தான் நான் உங்களிடம் சொல்லவந்தேன், மற்றதெல்லாம் இதன் விளைவு.

அன்றிலிருந்து அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்கவில்லை. காலையில் நிரை பிரிக்கும்போதே ஒதுங்கிக்கொண்டார்கள். அம்மா கடைசி நிரையில், தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் தனியாக. சின்னம்மா நாலு நிரை தள்ளிப் போய் நின்றாள். நின்ற இடத்தில் பாட்டும் இல்லை. முதல் வாரத்தில் அவளுக்கு மூன்று அரைப்பேர். இரண்டாவது வாரத்தில் நாலு. ஹட்டனிலிருந்து ஒரு ஏஜென்சிக்காரன் அப்போது லயம் லயமாக வந்துகொண்டிருந்தான், குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்க. சின்னம்மாவின் வாசலில் அவன் உட்கார்ந்திருந்ததை நான் இரண்டு தடவை பார்த்தேன்.

"போகப்போறியா புள்ள?" என்று பூசாரி வீட்டம்மா கேட்டாள்.

"பேரு ஒழுங்கா விழுந்தா நா ஏங்க போறேன்? பால் குடிக்கிற புள்ளய விட்டுட்டுப் போக எனக்கென்னா வேண்டுதலா?" என்றாள் சின்னம்மா.

அம்மா காதிலும் அது விழுந்தது. ஒரு நாள் மாலை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசை நிற்கும்போது, அம்மா தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளித் தங்கையின் கூடையில் போட்டாள். வழக்கமாகச் செய்ததைத்தான் செய்தாள். சின்னம்மா திரும்பிப் பார்த்தாள். கூடையைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தாள். தன் நாள் முழு உழைப்பையும் சேர்த்து றோட்டுச் சேற்றில் கொட்டினாள்.

"எனக்கு ஒன்னோட பிச்ச வேணாம். ஒனக்கு பிளாஸ்க்கு, எனக்கு அரைப்பேரு. நல்லா பங்கு போட்டீங்க."

அம்மா குனிந்து சேற்றிலிருந்து கொழுந்தைப் பொறுக்கினாள். யாரும் கூடக் குனியவில்லை. கணக்கப்பிள்ளை, சேறு பட்ட கொழுந்தை நிறுக்க மாட்டேன் என்றார். அன்று சின்னம்மாவுக்கு அரைப்பேர்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த ஃபிளாஸ்க்கை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். "இத எங்கயாவது கொண்டு போய்க் குடுத்துருங்க. யாருக்குன்னு எனக்குச் சொல்லாதீங்க" என்றாள். அப்பா அதை என்ன செய்தார் என்று இன்றுவரை தெரியாது. ரோசாப் பூப் போட்ட ஃபிளாஸ்க்கை எங்கே பார்த்தாலும் இன்றைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

யூனியன் என்ன செய்தது என்று கேட்பீர்கள். தலைவர் வந்தார். மாலை போட்டோம், சோடா கொடுத்தோம். "பேச்சுவார்த்தை நடந்துகிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். அப்பா அதையே வீட்டில் திருப்பிச் சொன்னார், ஏதோ தானே பேசிவிட்டு வந்த மாதிரி. போட்டிக்குப் பேர் கொடுத்தது அப்பா. ஒருத்தன்கூட அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவ்வாத்துக்குப் போனார், வந்தார், சாராயக் கடைப் பெஞ்சில் அவருக்கு எப்போதும்போல இடம் இருந்தது.

எனக்கு இடம் இல்லாமல் போனது பீலிக்கரையில். தண்ணீர் எடுக்கப் போனால் என் குடத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். "அரை மணித்தியாலத்துல ரொப்பிக்கிட்டுப் போறவ மக, அவளுக்கென்னா அவசரம்?" என்பார்கள். சிரிப்பார்கள். நான் கடைசியாக நிறைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போவேன், அங்கே அடி வாங்குவேன். உங்களில் சிலருடைய அம்மாமாரும் அங்கே இருந்தார்கள். பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

இப்படி ஒரு மாதம். பிறகு ஒரு நாள் பீலியில் பெண்கள் தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் நிறுத்தினார்கள். பூசாரி வீட்டம்மா என் குடத்தைத் தானே வாங்கி முதலாவதாகப் பீலியில் வைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாங்க பேசுனது ஒனக்குக் காதுல கேட்டுருச்சா புள்ள?" என்றாள்.

கேட்டிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து கை மெதுவாகப் போக வேண்டும். ஒருத்திகூடப் பழைய கிலோவைத் தாண்டக் கூடாது. அறுபது பேருக்கும் அரைப்பேர் விழட்டும். கொழுந்து முத்திப் போனால் ஃபெக்டரியில் ஓட்ட ஒன்றும் இருக்காது, ஒரு கிழமையில் துரை தானாக வழிக்கு வருவார். நல்ல திட்டம். இன்றைக்கு யோசித்தாலும் நல்ல திட்டம்தான், கொழுந்துக் காலத்தில் அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"எங்கம்மாவுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

சின்னம்மாதான் என் பக்கத்தில் வந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என் கன்னத்தைத் தொட்டாள்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லாத. அவ ஒங்கப்பாகிட்ட சொல்லுவா, அவரு சாராயக் கடையில ஒளறுவாரு. அப்புறம் எல்லாம் போச்சி. ஒன்னைய நம்பித்தான் விடுறேன். என்னா?"

"சொல்ல மாட்டேன் சின்னம்மா."

இன்றைக்கு எனக்கு நாற்பத்தேழு வயது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். சிந்திக்கத் தெரிந்தவள் என்று என்னைச் சொல்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் நின்ற பிள்ளைக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. என் குடம் முதலாவதாக நிறைந்தது. சின்னம்மா என்னைத் தொட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன், சொல்லவே இல்லை.

அறுபது பேர் சேர்ந்து செய்யும் வேலையில், தோட்டத்திலேயே வேகமான கையை விட்டுவிட்டுத் திட்டம் போட்டார்கள் பாருங்கள். அவள் ஒருத்தியைத்தானே முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும்? ஆனால் அவளோடு பேச்சு இல்லையே. பேச்சு விட்ட ஆளிடம் எப்படிப் போய்க் கேட்பது? நம் சனத்தின் ரோசம் அப்படி. துரை ஏசினால் "சரிங்க ஐயா" என்று தலையைக் குனிவோம். பக்கத்துக் காம்பராக்காரியிடம் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேராக நிறுக்கும் இடத்துக்குப் போனேன். ஒவ்வொருத்தியாகக் கூடையைக் கொக்கியில் மாட்டினார்கள். பாதிக் கூடை. முக்கால் கூடை. கணக்கப்பிள்ளை வாசித்துக்கொண்டே வந்தார், கங்காணியின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஆளனுப்பித் துரையைக் கூப்பிட்டார்கள். பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துச் சிரிப்பை அடக்கினார்கள். அத்தனை நாளில் என்னைக் கேலி செய்யாமல் அவர்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சின்னம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

துரை வந்த நேரம், கடைசி நிரையிலிருந்து அம்மா இறங்கி வந்தாள். கூடை வழிய வழிய. படங்கிலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகப் போய்க் கொக்கியில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை உரக்க வாசித்தார். புதுக் கிலோவையும் தாண்டி எடுத்திருந்தாள்.

துரை தராசின் முள்ளைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மலை ஒண்ணுதானே? செடி ஒண்ணுதானே? இந்த ஆளுக்குக் கொழுந்து இருக்கு, ஒங்களுக்கு இல்லையா? நாளைக்கும் இப்படின்னா பேரே கிடையாது. வீட்டுல இருங்க."

மறுநாளே பாதிப் பேர் பழையபடி பறித்தார்கள். அதற்கு மறுநாள் மீதிப் பேரும். முடிந்தது. ஒரே நாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை நிறுக்கும் இடத்தில் பூசாரி வீட்டம்மா அம்மாவின் காலடியில் வெற்றிலையைத் துப்பினாள். சின்னம்மா நடந்து வந்து அம்மாவின் முன்னால் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நல்லாயிரு அக்கா" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

அம்மா வீட்டுக்கு வந்து நெடுநேரம் கை கழுவினாள். நான் புத்தகத்தை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சின்னம்மா இரண்டு மாதத்தில் குவைத்துக்குப் போனாள். போன அன்று அம்மா மலையில். சின்னம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் காம்பராவுக்கு வந்தாள். கட்டிலில் கிடத்தினாள். குழந்தை காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சின்னம்மாவின் சட்டை முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. அவள் அதைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

"சளி புடிக்கும். கழுத்த மூடியே வை. அக்காகிட்ட சொல்லு, போத்தல்ல குடிக்க மாட்டா, கரண்டியில குடுக்கணும்னு."

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குத் தெரியாது சின்னம்மா, நான்தான் சொல்லவில்லை, நீதானே சொல்லாதே என்றாய் என்று. வாய்வரை வந்தது. கீழே றோட்டில் ஏஜென்சிக்காரன் வேனில் ஹோர்ன் அடித்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

குழந்தை அம்மாவைத் தவிர வேறு யார் கையிலும் குடிக்கவில்லை. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு தடவை அம்மா பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி ஏறினாள். போட்டியில் முதலாவதாக வந்த கைக்கு அந்த வருடம் எத்தனையோ அரைப்பேர் விழுந்தது. அவள் நிரைக்குள் நுழைந்து கை கொடுக்க யாரும் வரவில்லை. சின்னம்மா ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளை அம்மாவை "அம்மா" என்றது, சின்னம்மாவை "அந்த ஆன்ட்டி" என்றது. அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு பேசினார்கள். அரிசி, மருந்து, பிள்ளையின் ஃபீஸ். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நான் வாத்தியார் வேலைக்குப் போன பிறகு, ஸ்டாஃப் ரூமில் என்னைப் போலத் தோட்டத்திலிருந்து வந்த மூன்று பேர் இருந்தார்கள். ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன். அதே கம்பெனியின் மற்றத் தோட்டங்களிலும் அதே மாதம் இரண்டு கிலோ கூட்டியிருக்கிறார்கள். நானுஓயாப் பக்கத்துத் தோட்டத்திலும்கூட. அங்கேயெல்லாம் போட்டியே நடக்கவில்லை. அம்மா கொழுந்து பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அந்தக் காகிதம் வந்திருக்கும். நாங்கள் ஒரு பெண்ணை வருடக்கணக்காகக் கானோரத்தில் தனியே நிறுத்தி வைத்தது எதற்காக? அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் நான் அழுதேன். ஆத்திரத்தில்தான் அழுதேன்.

இன்றைக்கும் அதே பேச்சு. சம்பளம் கேட்டால் உற்பத்தி கூட்டு என்கிறார்கள். கிழட்டுச் செடியைப் பிடுங்கிப் புதுச்செடி நட மாட்டார்கள். உரம் போட மாட்டார்கள். பாதி மலை காடாகிப் பன்றி திரிகிறது. இருக்கிற மலையில் இருக்கிற கையை மட்டும் பிழிவார்கள். செடிக்குப் போடாத காசில்தான் பரிசு வாங்கித் தருகிறார்கள். நாமும் படித்தவர்கள், கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு, "நம்ம ஆளுங்க சோம்பேறி" என்று எழுதுகிறோம். எனக்குத் துரைமார் மேல் உள்ள கோபத்துக்குக்கூட ஒரு அளவு இருக்கிறது. அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். அவர்களுடைய வேலையை நாம் ஏன் சம்பளமில்லாமல் செய்கிறோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சின்னம்மா இரண்டு வருடத்துக்கு முன்பு ஹட்டனில் மகள் வீட்டில் காலமானாள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. காரியம் முடிந்து ஒரு கிழமை இருக்கும், நான் அம்மாவோடு தங்கியிருந்தேன். பகல் பதினொரு மணி. அம்மா வாசலில் காலை நீட்டி வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியும் கை ஓயவில்லை, காம்பு ஒரு பக்கம் இலை ஒரு பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. இனியும் வைத்திருக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பீலியை, குடத்தை, சின்னம்மா கன்னத்தைத் தொட்டதை, ஞாயிற்றுக்கிழமையை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ பறித்திருக்க மாட்டாய், அவள் போயிருக்க மாட்டாள் என்றேன். அடித்தால் அடிக்கட்டும் என்று இருந்தேன்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்டி."

"யாரும்மா சொன்னா?"

"யாரு சொல்லணும்? அறுவது பேரு கொழுந்து ஒடிச்சா மலையில சத்தம் கேக்கும். அன்னைக்கு ஏறுன கொஞ்ச நேரத்துலயே பாத்தேன், சத்தமே இல்ல. எனக்கு வெளங்காதா? எத்தன வருசம் அந்த மலையில நின்னவ."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் ஏம்மா பறிச்ச?"

அம்மாவின் கை அப்போதுதான் நின்றது.

"நாலு நிரை தள்ளித்தான் அவ நின்னா. 'அக்கா, போதும்'னு ஒரு வார்த்த. அவ சொன்னா நிறுத்தியிருப்பேன். சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு அவ மொகத்தப் பாத்துக்கிட்டேதான் பறிச்சேன். கூடை ரொம்பிருச்சி."